வண்டியில் வருவது எது, கல்லில் வேகுவது எது: செயின் டிபன் ஓட்டலில் ஆர்டர் சொல்லும் முறை

செயின் டிபன் ஓட்டலில் நன்றாகச் சாப்பிட வேண்டுமென்றால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்: எது வண்டியில் வந்து இறங்குகிறது, எது அந்த பிராஞ்சிலேயே தயாராகிறது. சரவண பவன், சங்கீதா, அடையார் ஆனந்த பவன் மாதிரி பல கிளைகள் வைத்து நடத்தும் ஓட்டல் தொழிலில், ஒவ்வொரு கிளையிலும் அரிசி ஊறவைப்பதிலிருந்து ஆரம்பித்தால் கட்டுப்படியாகாது. ருசியும் கிளைக்குக் கிளை மாறிவிடும். அதனால் மாவு ஆட்டுவது, சாம்பார்ப் பொடி அரைப்பது, இனிப்பு காரம் போடுவது போன்ற வேலைகளைப் பொதுவாக ஒரு சென்ட்ரல் கிச்சனில் முடித்துவிடுவார்கள். விடிவதற்குள் எவர்சில்வர் கேன்களில் மாவு கிளைக்கு வந்துவிடும். கிளையில் நடப்பது கடைசிக் கட்டம் மட்டும்: கல்லில் ஊற்றுவது, ஆவியில் வைப்பது, எண்ணெயில் போடுவது, சட்னி அரைப்பது, தாளிப்பது, டிகாக்‌ஷன் இறக்குவது.

வண்டியில் வருவது எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கும். கல்லிலும் வாணலியிலும் நடப்பதுதான் மாஸ்டரின் கையையும் நாம் போகும் நேரத்தையும் பொறுத்தது. ஒரே பெயர்ப் பலகையின் கீழே ஒரு பிராஞ்சில் ரோஸ்ட் மொறுமொறுவென்று வருவதும், இன்னொன்றில் துவண்டு வருவதும் இதனால்தான். 1981-இல் சென்னை கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன், 2000-இல் துபாயில் முதல் வெளிநாட்டுக் கிளையைத் திறந்தது. அவ்வளவு தூரத்துக்கு ஒரு செய்முறையைக் கொண்டுபோகலாம். கல்லின் சூட்டைக் கொண்டுபோக முடியாது, அதை அங்கே நிற்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாவிலிருந்து ஆரம்பிக்கலாம். இட்லி மாவுக்குப் பொதுவான கணக்கு, நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கூடவே கொஞ்சம் வெந்தயம். அரைத்து உப்புப் போட்டு, 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் சூட்டில் 8 முதல் 12 மணி நேரம் வைத்தால் பொங்கிவரும். பொங்க வைக்கிற நுண்ணுயிர்கள் மாவு வண்டியில் ஏறியதும் வேலையை நிறுத்திவிடுவதில்லை. குளிரில் வைத்தால் நிதானமாகும், அவ்வளவுதான். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் அண்டாவில் திறந்து வைத்திருக்கும் மாவு மணிக்கு மணி புளிப்பேறிக்கொண்டே போகும். சித்திரை, வைகாசியில் இன்னும் வேகமாக.

ஆகவே காலை 7 மணியிலிருந்து 9 மணிவரை இட்லிக்கு உகந்த நேரம். மாவு பொங்கி, காற்று உள்ளே நிற்கிற பதம் அது. ராத்திரி எட்டு மணிக்கு அதே மாவில் காற்று போய்ப் புளிப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் இட்லி தட்டையாக வரும். அந்த மாவை வீண் என்று நினைக்க வேண்டாம். ஊத்தப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான மாவு கிடையாது. கனமாக ஊற்றி, வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி, சுற்றிலும் எண்ணெய் விட்டு மூடி வேகவைக்கும்போது அந்தப் புளிப்புத்தான் ருசி கொடுக்கிறது. ராத்திரி டிபனுக்குப் போய் எதைச் சொல்வதென்று தெரியாவிட்டால் வெங்காய ஊத்தப்பம் சொல்லுங்கள்.

இட்லி இப்போது வெந்ததா, ஹாட் பாக்ஸில் காத்திருந்ததா என்பதைத் தட்டு வந்ததும் கண்டுபிடித்துவிடலாம். புது இட்லியின் மேல்புறம் சற்று ஈரப்பளபளப்போடு இருக்கும், விரலால் அமுக்கினால் எழும்பிவரும். ரொம்ப நேரம் காத்திருந்த இட்லிக்கு ஓரத்தில் தோல் மாதிரி ஒரு விறைப்பு வந்திருக்கும், அடியில் ஆவி நீராகித் தேங்கி நசநசவென்றிருக்கும். கூட்டம் உள்ள பிராஞ்சில் இட்லி பெட்டியில் தங்க நேரமே இருக்காது. காலியாகக் கிடக்கும் பிராஞ்சில் பதினோரு மணிக்கு இட்லி சொன்னால் எட்டு மணி ஈட்டில் மிஞ்சியது வரலாம். அந்த நேரத்துக்கு மினி இட்லி நல்லது. சின்னச் சின்னதாகப் பதினாலு இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டு நெய் ஊற்றித் தருவார்களே, அதில் இட்லி சற்று உலர்ந்திருந்தால் சாம்பாரை நன்றாக இழுத்துக்கொள்ளும். வந்ததும் ஸ்பூனைப் போடாமல் இரண்டு நிமிடம் விட்டுவைத்துச் சாப்பிடுங்கள்.

இனி தோசைக்கல். செயின் ஓட்டலில் இருக்கும் கல் வீட்டுக் கல்லைப் போல வட்டமாக இருக்காது. ஒரே நேரத்தில் ஆறேழு தோசை ஊற்றக்கூடிய நீளமான தடித்த இரும்புத் தகடு அது. அடியில் பர்னர் இருக்கிற இடத்துக்கு மேலே சூடு அதிகம், ஓரங்களில் குறைவு. மாஸ்டர் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் பெருக்கிவிடுவது சுத்தம் செய்ய மட்டும் இல்லை, சூட்டைக் கீழே இறக்கவும்தான். கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் மாவு விழுந்த கணமே இறுகிவிடும், கிண்ணத்தால் தேய்க்கும்போது கூடவே சுருண்டு வரும், தோசையில் திட்டுத்திட்டாகக் கனம் விழும். கல் காயாவிட்டால் மாவு அழகாகப் பரவும், ஆனால் சிவக்காது. வெளுத்து, ரப்பர் பதத்தில் எழும்பும். தெளித்த தண்ணீர் சுரீரென்று பொரிந்து உடனே அடங்க வேண்டும், அதுதான் ஊற்றும் பதம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆர்டர் குவிகிறது. மாஸ்டர் ஓரம்வரைக்கும் தோசை ஊற்றுகிறார். ஒவ்வொரு ஈட்டுக்கும் குளிர்ந்த மாவும் தண்ணீரும் விழுந்து கல் சூடு இறங்குகிறது, பழைய சூடு ஏறுவதற்குள் அடுத்த ஈடு ஊற்றியாகிவிட்டது. நடுவில் வெந்த தோசை யாருக்கோ போகும், ஓரத்தில் வெந்தது உங்களுக்கு வரும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மொறுமொறு ரோஸ்ட்தான் வேண்டும் என்றால் காலை பத்தரை மணி அல்லது மாலை நாலரை மணி பார்த்துப் போங்கள். கல் காய்ந்திருக்கும், மாஸ்டருக்குப் பொறுமையும் இருக்கும்.

நன்றாக வந்த ரோஸ்டும் மூன்று நான்கு நிமிடத்தில் தளர்ந்துவிடும். அடிப்பக்கத்திலிருந்து கிளம்பும் ஆவி தட்டில் பட்டு நீராகி மறுபடி தோசைக்குள்ளேயே போகிறது. மசால் தோசையில் உருளைக்கிழங்கின் ஈரமும் சேர்ந்துகொள்வதால் நடுப்பகுதி இன்னும் சீக்கிரம் நனையும். “மசாலாவைத் தனியா கிண்ணத்துல வைங்க” என்று ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலான பிராஞ்சுகளில் செய்துகொடுப்பார்கள். இன்னொன்று: நாலு பேர் போனால் நாலு ரோஸ்டையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள். முதல் தோசை வந்தவர் மற்றவர்களுக்காகக் காத்திருந்தால் அவர் தோசை வீணாகும், சப்ளையர் நாலையும் சேர்த்துக் கொண்டுவரக் காத்திருந்தால் மூன்று தோசை வீணாகும். “வர வரக் கொண்டுவாங்க” என்று சொல்வதே நல்லது.

இன்று பல பிராஞ்சுகளில் பரிமாறும் பிள்ளைகள் வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். முறுகல், பொன்னிறம் என்று விளக்கிக்கொண்டிருந்தால் அது கிச்சனுக்குப் போய்ச் சேராது. அவர்கள் கையிலிருக்கும் கருவியில் அயிட்டமும் அதற்குப் பக்கத்தில் சின்னக் குறிப்பும்தான் ஏறும். “நெய் ரோஸ்ட், கிரிஸ்பி, மசாலா தனி” என்று சுருக்கமாக முடித்தால் அது அப்படியே கே.ஓ.டி. எனும், கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டில் அச்சாகி மாஸ்டர் கண்ணுக்குப் போகும்.

ரவா தோசைக்குத் தனிப் பொறுமை வேண்டும். ரவை, மைதா, அரிசி மாவு கலந்த மோர்ப்பதக் கரைசல் அது. நிற்கும்போது ரவை அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு தோசைக்கும் அடிவரை கலக்கி வாரி இறைக்க வேண்டும். கலக்காமல் மேலாக எடுத்து ஊற்றினால் வலைவலையான ஓட்டையே விழாது, பேப்பர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அடியில் மிஞ்சியதை ஊற்றினால் கெட்டியான அடை மாதிரி வரும். சாதா தோசை இரண்டு மூன்று நிமிடத்தில் எழும்பும், ரவா தோசை மிதமான தீயில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நேரம் கேட்கும். கூட்ட நேரத்தில் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும். சப்ளையர் “ரவா கொஞ்சம் நேரமாகும் சார்” என்றால் அது நல்ல செய்தி, சரியாகச் சுடப்போகிறார்கள் என்று அர்த்தம்.

வடைக்குக் கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் சொல்ல வேண்டும். “அண்ணே, வடை இப்போ போட்டதா?” என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார்கள், “சூடா வர அஞ்சு நிமிஷம் ஆகும்” என்பதும் அதில் ஒரு பதில். காத்திருங்கள். மெதுவடை எண்ணெயிலிருந்து எடுத்த கால் மணி நேரத்துக்குள் ஓட்டின் மொறுமொறுப்பை இழக்கும், அரை மணியில் சவசவத்துப்போகும். ஆறிய வடையைச் சாம்பார் வடையாக்குவதும் தயிர் வடையாக்குவதும் ஓட்டல்காரர்களின் பழைய சாமர்த்தியம், அதில் தவறே இல்லை. ஊறுவதற்குச் சற்று ஆறிய வடைதான் தோது. பூரிக்கு இந்த மாதிரி மறுவாழ்வு கிடையாது. உப்பலோடு வந்தால் சாப்பிடலாம், தட்டில் படுத்து வந்தால் போட்டு நேரமானது, அல்லது எண்ணெய் காயாமல் போட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால் மாவிலுள்ள ஈரம் சட்டென்று ஆவியாகிப் பூரியை ஊதிவிடும். சூடு போதாவிட்டால் ஊதுவதற்குள் எண்ணெயைக் குடிக்கும்.

பொங்கல் காலைச் சரக்கு. வெந்த அரிசியின் கஞ்சி ஆற ஆற இறுகும், பத்து மணிக்கு மேல் சுடுதண்ணீர் ஊற்றி இளக்கினால் அரிசி உடைந்து கூழாகும். ஒன்பதுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

சாம்பார் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சாம்பார் வாளியில் வருகிறது. வாளி மேசை மேசையாகச் சுற்றும்போது பருப்பும் காயும் அடியில் தங்கிவிடும். கரண்டியை மேலோட்டமாக விட்டு எடுத்து ஊற்றினால் உங்கள் கிண்ணத்துக்கு வருவது மஞ்சள் தண்ணீர். ‘இந்த ஓட்டல்ல சாம்பார் தண்ணியா இருக்கு’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் “கொஞ்சம் கலக்கி ஊத்துங்க” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். டிபன் சாம்பார் சாப்பாட்டுச் சாம்பாரைவிட நீர்க்கத்தான் இருக்கும், இட்லி உறிஞ்ச வேண்டுமே. ஆனால் கலக்கி ஊற்றினால் அதில் சின்ன வெங்காயமும் பருப்பும் கண்ணில் படும். சூடாகப் பரிமாறும் உணவை 60 டிகிரிக்கு மேலே வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வாளியில் வந்த சாம்பார் வெதுவெதுப்பாக இருந்தால் அது சுற்றிச் சுற்றி ஆறிப்போனது. தயங்காமல் சூடாகக் கேளுங்கள், உள்ளே அண்டாவில் கொதித்துக்கொண்டிருக்கும்.

தேங்காய்ச் சட்னிதான் சீக்கிரம் கெட்டுப்போவது. பச்சைத் தேங்காயும் தண்ணீரும் சேர்ந்தது, வெளியில் மூன்று நான்கு மணி நேரம் தாங்கினால் பெரிது. தட்டில் வைத்ததும் சட்னியைச் சுற்றி ஒரு நீர் வளையம் பிரிகிறதா என்று பாருங்கள். பிரிந்தால் அரைத்து ரொம்ப நேரமாகிவிட்டது, அல்லது அளவு கூட்டத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மொழுமொழுவென்று கெட்டியாக, தேங்காய் வாசனை இல்லாமல் இருந்தால் பொட்டுக்கடலை அதிகம். இவை இரண்டும் ருசியின் குறை மட்டும்தான். லேசாகப் புளித்த வாடை வந்தால் தொடவே தொடாதீர்கள், சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெயில் காலத்து மதியம் இரண்டு மணிக்குத் தேங்காய்ச் சட்னியைவிடத் தக்காளிச் சட்னி, காரச் சட்னி பத்திரம். வதக்கி அரைத்தவை, புளியும் எண்ணெயும் சேர்ந்தவை, நின்று தாங்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை போங்கள். அன்லிமிடெட் என்றாலும் இனிப்பு, பூரி அல்லது சப்பாத்தி, சில இடங்களில் தயிர் ஒருமுறைதான். இரண்டரைக்கு மேல் பொரியலும் கூட்டும் தீர்ந்து வேறு எதையாவது வைத்து ஒப்பேற்றுவார்கள், ரசமும் பருப்பில்லாமல் தெளிவாக மட்டும் வரும்.

காபிக்கு இரண்டு நேரம்: கடை திறந்த முதல் ஒரு மணி நேரம், மாலை நாலு மணிக்குப் புது டிகாக்‌ஷன் இறங்கியதும். டிகாக்‌ஷனை வெந்நீரில் வைத்துச் சூடு காக்கலாம், அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும், வாசனை பறக்கும். பால் நாள் முழுக்கச் சிறுதீயில் காய்ந்துகொண்டே இருந்தால் அடிப்பிடித்த வாடை வரும், எத்தனை ஸ்ட்ராங்காகக் கேட்டாலும் அதை மறைக்க முடியாது. வாயில் வைத்ததும் தொண்டையில் கசப்பு மட்டும் நின்று, மூக்குக்கு மணமே வரவில்லை என்றால் பழைய டிகாக்‌ஷன். சிக்கரியைப் பொறுத்தவரை சட்டம் 49 சதவீதம் வரைக்கும் கலக்க இடம் தருகிறது. கெட்டியாகக் கறுப்பாக இருப்பதெல்லாம் நல்ல காபி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சிக்கரிக்கு அந்தக் கறுப்பும் கெட்டித்தன்மையும் இயல்பு. சர்க்கரை போட்டுத்தான் டபராவில் வரும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே “சர்க்கரை தனியா” என்று சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காபி சொல்லிவிட்டால் தோசைக்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும். தட்டை எடுத்த பிறகு சொல்லுங்கள்.

பில் வந்ததும் ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். ஜி.எஸ்.டி. அறிமுகமான 2017 ஜூலையில் ஏ.சி. ஓட்டலுக்கு 18, ஏ.சி. இல்லாததற்கு 12 சதவீதம் என்றிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 சதவீதம்தான். 200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் மத்திய வரி 5 ரூபாய், மாநில வரி 5 ரூபாய், மொத்தம் 210 ரூபாய். ஏ.சி. ஹாலில் அதே தோசைக்கு அதிகம் வாங்குகிறார்கள் என்றால் அது ஓட்டல் வைத்த விலை, வரி இல்லை. ஓர் அறைக்கு நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை வாங்கும் தங்கும் ஓட்டலுக்குள்ளே இருக்கும் கிளையானால் 18 சதவீதம் போடலாம். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை தெரிந்தால், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லியிருக்கிறது, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள், அதுதான் அவருக்கு நிச்சயமாகப் போய்ச் சேரும்.

பில்லில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், 2022 ஜனவரியிலிருந்து பில்லில் கட்டாயம். மற்றொன்று ஜி.எஸ்.டி. எண், தமிழ்நாட்டில் 33-இல் தொடங்கும், புதுச்சேரியில் 34. அதற்கு மேலே நிறுவனத்தின் பெயரும் இருக்கும். வாசலில் தொங்கும் பலகையில் ஒரு பெயர், பில்லில் வேறு நிறுவனப் பெயர் என்றால் பெரும்பாலும் அது பிரான்சைஸ், அதாவது அந்தப் பெயரில் நடத்தும் உரிமை, எடுத்தவர் நடத்தும் கிளை. மோசம் என்று அர்த்தமில்லை, முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து நன்றாக நடத்துகிற இடங்களும் உண்டு. ஆனால் குறை சொல்ல வேண்டியிருந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கு அந்தப் பெயரும் எண்ணும் வேண்டும். அந்தச் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டால் புகாருக்குப் பிடிமானம் இல்லை.

உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பொதுவாக மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர்களுக்கு இட்லி தோசை பொதுவாகச் சரிப்படலாம், சாம்பாரும் ரசமும் சரிப்படாமல் போகலாம். ரவா தோசை கூடவே கூடாது. பால் பொருள் தவிர்ப்பவர்கள் “எண்ணெய் மட்டும், நெய் வேண்டாம்” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், சாதா தோசையிலும் மாஸ்டர் பழக்கத்தில் ஒரு கரண்டி நெய் விட்டுவிடுவார். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கும் ஓட்டல் மெனுவில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்பதும் விதி. இல்லாவிட்டால் காட்டச் சொல்லுங்கள்.

பார்சலுக்கு ரோஸ்ட் வாங்காதீர்கள், டப்பாவை மூடியதுமே அதன் கதை முடிந்தது. இட்லி, பொடி இட்லி, பொங்கல், தயிர் சாதம், சப்பாத்தி பார்சலுக்கு ஏற்றவை. இட்லிக்கு வாழையிலை வைத்துக் கட்டச் சொன்னால் நனையாமல் இருக்கும். சாம்பாரைக் கவரில் கட்டித் தரும்போது கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தால் கடையை விட்டு வெளியே வந்ததும் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தி ஆவி போகவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் தேங்காய்ச் சட்னியைத் தீருங்கள். மிஞ்சினால் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மறுவேளைக்கு மேசையில் விட்டு வைக்காதீர்கள்.